மொறிஸ் மைனரின் கனத்த ஸ்ரியறிங்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

இறுப்பிட்டியில் ஒரு வளவுக்குள், வேப்பமரத்தின் கீழ் மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. உரிமையாளருக்கு அறுபது கடந்துவிட்டது. வலது தோளில் ஷெல் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. கை தோள்மட்டத்துக்கு மேல் எழும்பாது. கார் ஓடுகிறது, ஆனால் அதை வளவுக்குள் வெட்டித் திருப்ப அவரால் முடியவில்லை. "மகன் புதுக் கார் எடுத்துத் தாறன் எண்டுறான். எனக்கு அப்பு ஓடின கார்தான் வேணும்" என்கிறார்.

1991 ஒக்ரோபரில் புங்குடுதீவு படையினர் வசமாகி மக்கள் இடம்பெயர்ந்தபோது, அங்கு விடப்பட்ட வாகனங்கள் பல திரும்பக் கிடைக்கவில்லை. இந்தக் கார் 1990க்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் நின்றதால் தப்பியது. அதன்பின் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினார்கள். தேய்ந்த உதிரிப்பாகங்களுக்குப் பதிலாக உள்ளூர்க் கடைச்சல் பட்டறைகளில் கிடைத்த இரும்பில் செய்து போட்டார்கள். வாகனங்களை ஓடவைத்த அந்தக் கைவண்ணத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று செய்த பின்னும் புஷ்ஷும் இன்றும் முன்சில்லில் இருந்தால், எந்த மாற்றத்துக்கும் முன் அவற்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் அறிமுகமான மைனரில், ஸ்ரியறிங் ஏற்கனவே ராக் அன்ட் பினியன் வகைதான். அதே காலத்து ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றில் இருப்பது ஸ்ரியறிங் பொக்ஸ். அதற்குள் தேய்மானம் வந்தால் வளையத்தில் ஆட்டம் கூடும். மைனரில் அந்தச் சிக்கல் இல்லை. முன்பக்கம் சுருள் வில்லும் இல்லை. காரின் நீளவாக்கில் செல்லும் முறுக்குக் கம்பிகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. பின்னால் பட்டை வில்லுகள்.

அப்படியானால் ஏன் கனக்கிறது? பெரும்பாலும் காற்றுக் குறைந்த ரயர், கிறீஸ் காணாத மூட்டுகள், பிசகிய எலைன்மென்ற். முன் ரயருக்குக் கையேடு சொல்வது 22 இறாத்தல் காற்று. ரேடியல் ரயர் என்றால் சற்றுக் கூட வைக்கலாம். சில்லுகளின் முன்புற ஒடுக்கம் ஓர் அங்குலத்தின் 32இல் 3 பங்கு, அதாவது ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர். மிகமுக்கியமானது கீழ் ட்ரனியன் என்ற புரிமூட்டு. கிறீஸ் இல்லாமல் அதன் புரி தேய்ந்தால் ஒருநாள் கழன்று, முன்சில்லு காரின் கீழ் மடங்கிவிடும். மைனரை நன்றாகப் பராமரிப்பவர்கள் 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிப்பது இதனால்தான். ஜக் போட்டுத் தூக்கி, சில்லின் கீழ் கம்பி கொடுத்து நெம்பினால் மேல்கீழ் ஆட்டம் தெரியும். தெரிந்தால் காரை ஓடவேண்டாம்.

இதெல்லாம் சரியாகியும் கனத்தால் மட்டுமே மின்மோட்டார் உதவியை நினைக்கலாம். வேறு காரின் முழுப் பவர் ஸ்ரியறிங் ராக்கைக் கொண்டுவந்து பொருத்துவது எனக்கு உடன்பாடில்லை. ராக்கின் நீளமும் உயரமும் சஸ்பென்சனின் அசைவோடு பொருந்தாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது சில்லு தானாகவே திரும்பும். வேலணையிலிருந்து வரும் கடற்பாதையில், இருபுறமும் தண்ணீர் இருக்க, அது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பான வழி, பழைய ராக்கையும் சஸ்பென்சனையும் அப்படியே விட்டு, ஸ்ரியறிங் தண்டில் மட்டும் மோட்டார் உள்ள பகுதியைப் பொருத்துவது. இங்கிலாந்தில் மைனர் வைத்திருப்போர் இதற்கு வொக்ஸ்ஹோல் கோர்சாவின் தண்டைப் பயன்படுத்துகிறார்கள். இலங்கையில் அதே வகைத் தண்டு சுசுகி வாகன் ஆர் போன்ற சிறிய கார்களில் இருக்கிறது. ஓட்டுநர் வளையத்தில் கொடுக்கும் முறுக்கை ஓர் உணரி அளக்க, மோட்டார் அதற்கேற்பத் தள்ளுகிறது. சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வேகச் சமிக்ஞை இல்லாவிட்டால் வேலை செய்யாது, அல்லது ஒரே அளவு உதவியையே தரும். வாங்கும்போதே இதைக் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது மின்சாரம். மைனரில் பற்றறியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். மோட்டாருக்கு எதிர்முனை இணைய வேண்டும். இதை மாற்றாமல் இணைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துவிடும். பழைய டைனமோ தருவது 22 அம்பியர் அளவே. நின்றபடி திருப்பும்போது மோட்டார் 30 அம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். எனவே அல்டர்னேற்றர் கட்டாயம். தனி பியூஸும் தடித்த வயரும் வேண்டும்.

தண்டை வெட்டி ஒட்டுவதுதான் மிக ஆபத்தான கட்டம். கராச்சில் கைக்கு வந்தபடி வெல்டிங் அடித்த தண்டு முறிந்தால் வளையம் கையோடு வந்துவிடும். பல்வெட்டுப் பொருத்தமும் குறுக்குப் போல்ற்றும் உள்ள மூட்டுகளையே போடவேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

இறுப்பிட்டிக் காருக்கு இப்போது கிறீஸும் இரண்டு முன் ரயரும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பாதிக் கனம் குறைந்துவிட்டது. மோட்டார் இன்னும் வரவில்லை. அதைப் பொருத்தியபின் செய்யவேண்டிய முதல் சோதனை, பியூஸைக் கழற்றிவிட்டு வளவுக்குள் ஒருமுறை முழுதாகத் திருப்பிப் பார்ப்பது. மோட்டார் நின்றால் வளையம் பழையபடி கையால்தான் திரும்பும். அந்தத் தோளால் அது முடிந்தால் மட்டுமே காரை வீதிக்கு எடுக்கலாம்.