ஒன்பது அங்குலச் சக்கரம்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை! பல கோடி வருஷங்களுக்கு முன்னால் அது கடலாக இருந்த பூமி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் இப்போது தோண்டி சிமென்ட் ஆலைகளுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். போன தடவை மாட்டிக்கொண்டபோது, வேறு வேலை இல்லாமல் லாரியின் பின்சக்கரங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்துக்கு இரண்டு இரண்டாக ஜோடி டயர்கள். ஏன், ஒற்றை டயர் போதாதா?

போதாது. ஏன் என்று அந்தப் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பழைய கட்டைவண்டியின் சக்கரத்தில் வட்டையைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை இருக்கும். இரண்டு மூன்று விரல் அகலம், அவ்வளவுதான். மூட்டைகளின் மொத்த எடையும் அந்த ஒல்லிப் பட்டை வழியாகத்தான் மண்ணில் இறங்கணும். மழை பெய்த கரிசலில் அது கத்தி மாதிரி இறங்கிவிடும். அப்புறம் மாட்டை அடித்து என்ன புண்ணியம்?

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததில்லை. 1753-ல் இங்கிலாந்து பார்லிமென்ட் ஒரு வேடிக்கையான சட்டம் போட்டது. சுங்கம் வசூலிக்கும் சாலைகளில் போகும் பாரவண்டிகளின் சக்கரம் குறைந்தது 9 அங்குல அகலம் இருந்தே ஆகணும்! ஒல்லிச் சக்கரம் ரோட்டை உழுதுவிடுகிறது. அகலச் சக்கரம் உருளை மாதிரி அமுக்கிச் சமன் செய்யும் என்பது கணக்கு. பிறகு இன்னொரு படி மேலே போனார்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தடத்தில் போகாமல் தள்ளித் தள்ளி உருண்டு, சேர்ந்து 16 அங்குலத்தை அமுக்கினால் சுங்கத்தில் சலுகை.

வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சக்கரத்தை அகலமாகத்தான் செய்தார்கள், ஆனால் ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்து, கூம்பு மாதிரி! சட்டப்படி 9 அங்குலம். தரையில் உண்மையாகப் பதிவதோ அதில் ஒரு பகுதிதான்.

இந்தக் கூம்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பேப்பர் கப்பைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, வட்டமடிக்கும். அந்தக் கூம்புச் சக்கரத்துக்கும் வட்டமடிக்கத்தான் ஆசை. வண்டிக்காரர் அதை நேராக இழுத்துக்கொண்டு போக, அது ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போனது. ரோட்டைக் காப்பாற்ற வந்த சக்கரம் ரோட்டையே அரைத்தது!

இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் முட்டை வடிவத் தார்ப் பாதையில் நடக்கும் கார் ரேஸில், செக்கு மாடு மாதிரி இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கணும். அதனால் பல பந்தயங்களில் வலது பக்க டயரின் சுற்றளவை, இடது டயரைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக வைப்பார்கள். நம் பேப்பர் கப் மாதிரி கார் தானாகவே இடது பக்கம் உருள ஆசைப்படும்.

இதில் சக்கரத்தின் அகலம் எங்கே வருகிறது? டயர் உட்காரும் இரும்பு வளையத்தை ரிம் என்கிறோம். ஒல்லியான ரிம்மில் பருத்த டயரை மாட்டினால், டயர் உப்பி வளைந்து நிற்கும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும். திருப்பத்தில் பக்கச்சுவர் மடங்கிக் கொடுக்கும். ரிம்மை அகலமாக்கினால் சுவர் நிமிர்ந்து விறைப்பாக நிற்கும். ஸ்டியரிங்கைத் தொட்டதும் கார் கேட்கும். ரொம்ப அகலமாக்கினாலும் ஆபத்து. டயரின் தோளை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகி, குலுங்கலைத் தாங்கும் நெகிழ்வு போய்விடும். சுற்றளவும் லேசாக மாறுவதால், மேலே சொன்ன அங்குலக் கணக்கும் தப்பும். அதனால்தான் ரிம் எத்தனை அங்குலம் என்பதை விதிப்புத்தகத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நாஸ்கார் பந்தயத்தின் முதல்நிலைக் கார்களுக்கு பல வருஷங்களாக 9.5 அங்குலம், 2022-லிருந்து 12 அங்குலம். பைக்குக்கு 'கெத்தாக' இருக்கட்டும் என்று ரிம்முக்குப் பொருந்தாத குண்டு டயர் மாட்டும் நம்ம ஊர்ப் பையன்கள் இந்த வரிகளை இன்னொரு தரம் படிக்கலாம்.

டயர் தப்பினால் என்ன ஆகும்? 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். 1909-ல் கட்டிய முட்டைப் பாதையின் ஒரு திருப்பத்தையும் சேர்த்து ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் பாதை போட்டிருந்தார்கள். அந்தத் திருப்பம் 9 டிகிரிக்கும் மேல் சாய்ந்தது. இரண்டு நாள் முன்னால் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் அங்கேதான் டயர் போய்ச் சுவரில் மோதியது. மிச்செலின் கம்பெனி, 'அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் எங்கள் டயருக்கு உத்தரவாதம் இல்லை' என்று கையை விரித்துவிட்டது. வேகத்தைக் குறைக்க ஒரு வளைவு போடச் சொன்னார்கள். பந்தய நிர்வாகம் மறுத்துவிட்டது. வரிசையில் நிற்க வந்த 20 கார்களில் 14 ஓரங்கட்டின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின.

அதில் ஒரு ஜோர்டான் காரில் இருந்தவர் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். நாலாவதாக வந்து 5 புள்ளிகள் வாங்கினார். ஃபார்முலா 1-ல் புள்ளி எடுத்த முதல் இந்தியர்! 'ஆறு பேர்ல நாலாவதுதானே' என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாங்குகிற டயரோடு வந்து, கடைசிச் சுற்றுவரை காரை ஓட்டி முடித்ததும் பந்தயத்தில் சேர்த்திதானே?

பணம் கொடுத்து வந்த ரசிகர்கள் கொதித்துப்போய் ஓடுபாதையில் பாட்டில்களை வீசினார்கள். மிச்செலின் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அடுத்த வருஷப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டுகளையும் தானே வாங்கி ரசிகர்களுக்குக் கொடுத்தது. 2007-க்குப் பிறகு ஃபார்முலா 1 அந்த மைதானத்துக்குப் போகவேயில்லை.

அன்றைக்கு லாரி ஒருவழியாக ஒதுங்கி வழிவிட்டது. பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் இருக்கும் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையை நினைத்துக்கொண்டேன். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. நடுவில் ஓரிடத்தில் ஒரு மாட்டுவண்டி எதிரே வந்தது. டயர் வண்டிதான். கரும்புப் பாரத்தோடு, தார் ரோட்டை விட்டு ஈர மண்ணில் இறங்கி, புதையாமல் போய்க்கொண்டிருந்தது.