கயிற்றில் இறங்கிய தேயிலை

போடிநாயக்கனூருக்கு மேற்கே வானளாவி நிற்கும் மலைத்தொடரைக் கண்டோர் ஏலக்காயையே நினைப்பர். நான் இன்று பேசவிருப்பது ஏலத்தைப் பற்றியன்று. ஒரு காலத்தில் அம்மலையிலிருந்து அந்தரத்தில் தொங்கியவாறு இறங்கிய தேயிலைப் பெட்டிகளைப் பற்றியும், அவற்றைத் தாங்கிய கம்பிவடத்தைப் பற்றியுமே.

மூணாற்றுத் தேயிலையை மலைமீது கொண்டுவர 1902-ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைத்தனர். அதில் வண்டிகளை இழுத்தவை எருதுகள். 1908-இல் அதனை அகற்றி, இரண்டடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதை இட்டனர். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அது முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் மலை செங்குத்தாகச் சரிகிறது. ஆதலின் அங்கிருந்து அடிவாரத்துக் கொட்டகுடி வரை, சுமார் 5 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பிவடப் பாதை அமைந்தது. பின்னர் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம், போடி வந்துவிடும். 1924 ஜூலையில் பெய்த பெருமழை மலை இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்ததால் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர் மலையாளிகள். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்! கீழே ரயில் வந்தபோது மேலே ரயில் இல்லை.

இனி வடத்திற்கு வருவோம். சுரங்கங்களில் பாரம் தூக்க முன்னாளில் சணற்கயிற்றையும் இரும்புச் சங்கிலியையும் பயன்படுத்தினர். சணல் ஈரத்தில் இற்றுப்போகும். சங்கிலியிலோ ஒரு கண்ணி முறிந்தால் முழுப் பாரமும் எச்சரிக்கையின்றி வீழும்; கீழே நிற்பவன் கதி என்னாவது? ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் இதனை ஆராய்ந்தார். ஒரே முறையில் முறியாத சங்கிலி, அதே பாரத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினால் களைத்து முறிவதைக் கண்டார். 1834-இல் நான்கு நான்கு இரும்புக் கம்பிகளை மூன்று புரிகளாக முறுக்கி, முதல் கம்பிவடத்தைச் செய்தார். நம் கிராமத்தில் தேங்காய் நாரைத் திரித்து வடக்கயிறு செய்வதும் இதே தத்துவந்தான். ஒரு கம்பி அறுந்தாலும் முறுக்கின் உராய்வு அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். பாரத்தை ஏனையவை பகிர்ந்துகொள்ளும்.

மீள்சக்தி மிக்கது ரப்பரா, எஃகா என்று வகுப்பறைகளில் நான் கேட்பதுண்டு. ‘ரப்பர்’ என்றே பலரும் முழங்குவர். பௌதிகத்தில் விடை எஃகே. எவ்வளவு நீள்கிறது என்பதன்று கேள்வி. உருமாற்றத்தை எவ்வளவு வன்மையாக எதிர்க்கிறது என்பதே கேள்வி. நீட்சி இழுவிசைக்கு ஏற்ப அமையும் என்பதை ராபர்ட் ஹுக் 1678-இல் வெளியிட்டார். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உடைய எஃகுக் கம்பியில் ஆயிரம் கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டால், கம்பியின் சொந்த எடையை நீக்கிப் பார்க்க, அது சுமார் அரை மீட்டரே நீளும். யங் குணகத்தைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். புரிகள் இறுகுவதால் வடம் இதனினும் சற்று மிகுதியாக நீளும். பாரம் நீங்கியதும் கம்பி பழைய நீளத்தை அடையும். ஆனால் மீட்சி எல்லையைக் கடந்துவிட்டால் அடையாது.

வடத்தைத் தொய்வின்றி நேராகக் கட்டினால் என்ன? துணி உலர்த்தும் கொடியைப் பாருங்கள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரத்துணியின் கீழ் அது தொய்யவே செய்யும். தொய்வைப் பாதியாக்க விரும்பினால் இழுவிசை ஏறத்தாழ இருமடங்காக வேண்டும். ஆகையால் பள்ளத்தாக்கின் மேல் வடம் தொய்வது பொறியாளரின் சோம்பலன்று. அவர் கணக்கிட்டு அளித்த சலுகை.

எனினும் ஆல்பர்ட் கண்ட களைப்பு வடத்தையும் விடுவதில்லை. கப்பியின் மேல் ஏறும்போதெல்லாம் கம்பி வளைகிறது, நிமிர்கிறது. கப்பி சிறிதாயின் வளைவு மிகும். விரைவில் கம்பி முறியும். நல்வாய்ப்பாக, வடத்தின் கம்பிகள் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே அறுகின்றன. அவற்றை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை வரம்பைக் கடந்ததும் வடத்தையே மாற்றுவர். பழனியில் 2004 முதல் இயங்கும் ரோப்காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக நிறுத்துகின்றனர். படியேற இயலாத முதியோர் சலித்துக்கொள்வது இயல்பே. அந்நாட்களில்தான் வடமும் கப்பிகளும் நுணுகிச் சோதிக்கப்படுகின்றன.