பம்புசெட் மொபைல் ஸ்டார்ட்டர்: உள்ளே இருக்கும் போர்டில் கை வைக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் தேதி ஜூன் 12. ஆனால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் குறுவைக்கு நாற்று விட பலரும் நம்பியிருப்பது போர்வெல் மோட்டாரைத்தான். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தாலும் வயலுக்கு ஓட வேண்டாம், செல்போனில் கால் செய்தால் போதும் என்பதால் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்குகிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்திலும் இது கிடைத்திருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் வேலை செய்வது உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு. ஒரு சின்ன கம்ப்யூட்டர் சிப், சிம் கார்டு, ரிலே. சிப்புக்குத் தேவை 5 வோல்ட்டோ அதற்கும் குறைவோதான். பக்கத்திலேயே ஓடுவது 415 வோல்ட்.

போனில் ஆஃப் பண்ணிட்டா போதுமா?

போதாது. பலர் ஏமாறுவது இங்கேதான். போனில் ஆஃப் செய்தால் கான்டாக்டர் மட்டுமே விடுபடும். பெட்டிக்குள் வரும் வயர்களில் மின்சாரம் அப்படியே இருக்கும். ஆட்டோ மோடில் இருந்தால், கரண்ட் போய் திரும்ப வந்ததும் மோட்டார் தானாக ஓடும். நீங்கள் பெட்டியில் கை வைத்திருப்பது தெரியாமல் வீட்டிலிருந்து மகன் கால் செய்யலாம். சிம்மைக் கழற்றுவதும் பாதுகாப்பு இல்லை.

மெயினை ஆஃப் செய்து, மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் உருவி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டாலும் அந்த லைன் உயிரோடு இருக்கும். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டு, மூன்று லைனையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க சில நிமிடம் விடுங்கள். சேற்றுக் காலோடு நிற்கவே கூடாது. மெயின் லைன் வேலை, உரிமம் பெற்ற வயர்மேனுக்கு உரியது.

போர்டை எப்படிப் பிடிப்பது?

ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்கு 'சுள்'ளென்று உறைக்கும். சில சிப்புகள் 100 வோல்ட்டிலேயே கெட்டுவிடும். டெல்டாவின் ஈரக்காற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் பாலியெஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் சேர் இருந்தால் கவனம்.

போர்டின் அடிப்பக்கம் இரும்புத் தகட்டில் படாமல் ஸ்பேசர் வைத்து முடுக்க வேண்டும். கான்டாக்டருக்கு நேர் மேலே வைக்காதீர்கள். சூடு மேலேதான் ஏறும். வயர்கள் பெட்டியின் அடியிலிருந்து நுழையட்டும், வெளியே கொஞ்சம் தொங்கலாக. மழைநீர் வயர் வழியே உள்ளே வராது. மீதி ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் புகுந்து ஷார்ட் ஆகும் பெட்டிகள் ஏராளம். வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் பாதுகாப்புப் பூச்சு உள்ள போர்டு நல்லது.

சென்சார் வயரையும் மோட்டார் வயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். கான்டாக்டர் விடுபடும்போது அதன் காயிலில் எழும் திடீர் வோல்டேஜ், போர்டை ரீசெட் செய்துவிடும். காயிலுக்குக் குறுக்கே அதற்குப் பொருத்தமான ஸ்னப்பர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாமல் 'போர்டு போச்சு' என்று புதுசு வாங்குபவர்கள் உண்டு. ஆன்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே இருந்தால்தான் சிக்னல் கிடைக்கும். கரண்ட் கொடுக்கும் முன்பே அதை மாட்டிவிடுங்கள்.

பழைய போர்டை வாங்கி மாட்டினால், அதில் ஏற்கெனவே பதிவான போன் நம்பர்களை முதலில் அழித்துவிடுங்கள்.