பழைய இரும்பும் புதிய நோயும்

கதிர்வீச்சினால் வரும் நோய்க்கு வைத்தியஞ் செய்யும் அறிவை மனிதகுலம் எரிந்த நகரங்களிலும், ஒரு மீன்பிடிப் படகிலும், பழைய இரும்புக் கடைகளிலும் பெற்றது. அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் யார், அதன் பயனைப் பெற்றவர்கள் யார் என்ற வினாவை எழுப்பாமல் இவ்வரலாற்றைச் சொல்ல முடியாது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ள தர்மபுரம் போன்றதோர் ஊரில் நின்று இந்த வினாவை எழுப்புவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். அணு உலையும் ஆய்வுகூடமும் இல்லாத வன்னி மண்ணுக்கும் கதிர்வீச்சுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்பர். தொடர்பு உண்டு என்பதையே வரலாறு காட்டுகின்றது.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, அந்நகரின் வைத்தியர்களிலும் தாதியர்களிலும் பெரும்பாலோர் நோயாளர்களோடு சேர்ந்தே மடிந்தனர் அல்லது காயமுற்றனர். எஞ்சிய சிலர் தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டனர். எலும்பு முறிவுக்கு மட்டை கட்டினர். செஞ்சிலுவை வைத்தியசாலையில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்த எக்ஸ்-கதிர்த் தகடுகள் தாமாகவே ஒளிபட்டுக் கெட்டிருந்தன. குண்டு வெறும் நெருப்பன்று என்பதற்குக் கிடைத்த முதற் சான்றுகளுள் அதுவும் ஒன்று. நாட்கள் சென்றபின், காயமே இல்லாதிருந்தவர்களின் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தோலில் செம்புள்ளிகள் தோன்றின. வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. தம்மிடம் வந்த நோய்க்குப் பெயர் அறியாமலே அவ்வைத்தியர்கள் போராடினர். மிச்சிஹிக்கோ ஹச்சியா என்னும் வைத்தியர், தாமே காயமுற்ற நிலையில், கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். ஆயினும் 1945 செப்டெம்பரில் நாட்டை ஆண்ட ஆக்கிரமிப்பு இராணுவம் அச்சுத் தணிக்கையை விதித்தது. ஒரு வைத்தியர் கண்டறிந்ததை மற்றொரு வைத்தியர் அறிவதற்கே தடை வந்தது. குண்டின் அழிவு ஒரு கொடுமை. அதைப் பற்றிய அறிவை மறைத்தது இரண்டாவது கொடுமை.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 1954 மார்ச் 1ஆம் நாள் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக் கொண்டிருந்த ஒரு யப்பானியப் படகின்மீது பொழிந்தது. படகிலிருந்த 23 தொழிலாளரும் நோயுற்றனர். சாம்பலில் என்ன இருந்தது என்பதை அறிந்தாலன்றி வைத்தியர்கள் சிகிச்சையைத் தீர்மானிக்க இயலாது. குண்டைச் செய்தவர்களோ இராணுவ இரகசியம் என்று வாய் மூடினர். யப்பானிய விஞ்ஞானிகள் அச்சாம்பலைத் தாமே பகுத்தாய்ந்து அதன் கூறுகளைக் கண்டறிய வேண்டியதாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் படகின் வானொலியாளர் குபோயாமா உயிர்நீத்தார். கடலில் வலை வீசிய உழைப்பாளி ஒருவர் வல்லரசின் போட்டிக்குப் பலியானார்.

சோசலிச நாடென்று பெயர்பெற்ற சோவியத் யூனியனும் இவ்விடயத்தில் குற்றமற்றதன்று. மாயாக் என்னும் புளுட்டோனியத் தொழிற்சாலையில், 1940களின் இறுதியிலும் 1950களிலும் வேலைசெய்த தொழிலாளர் பலர் கதிர்வீச்சினால் நோயுற்றனர். அங்கெலினா குஸ்கோவா என்ற இளம் பெண் வைத்தியர் அவர்களைப் பார்த்துப் பார்த்தே இந்நோயின் படிமுறைகளைக் கற்றார். நெடுங்காலம் அந்த அறிவு பூட்டிய அறைக்குள்ளேயே இருந்தது. 1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபிலில் உலை வெடித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளர் மொஸ்கோவின் 6ஆம் இலக்க வைத்தியசாலைக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டனர். அங்கே குஸ்கோவாவும் அவர்தம் குழுவினரும் ஆயத்தமாக இருந்தனர். வெடிப்பின் பின் எத்தனை மணி நேரத்தில் வாந்தி வந்தது, குருதியிலுள்ள நிணநீர்க் கலங்கள் எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்பவற்றைக் கொண்டே யாருக்கு எந்தச் சிகிச்சை என்று அவர்கள் பிரித்தனர். கடுங் கதிர்வீச்சு நோய் உறுதிசெய்யப்பட்ட 134 பேரில் 28 பேர் அவ்வாண்டே இறந்தனர். ஏனையோர் அக்கட்டத்தைத் தாண்டினர். ஆயத்தம் என்பதன் பொருளை அந்த வைத்தியசாலை காட்டியது. உலைக்கு அருகேயிருந்த பிரிப்யாத் நகர மக்களோ மறுநாள் பிற்பகல் வரை ஏதும் அறிவிக்கப்படாமல் தத்தம் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அறிவு தலைநகரில் இருந்தது. ஆபத்து ஊரில் இருந்தது.

இதுவரை சொன்னவை குண்டும் உலையும் பற்றியவை. ஏழைகளின் வாசலுக்கு இந்நோய் வேறொரு வழியாகவும் வருகின்றது. பிரேசில் நாட்டின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு இயந்திரம் காவலின்றிக் கிடந்தது. 1987 செப்டெம்பரில் இருவர் அதன் உட்பகுதியைக் கழற்றிப் பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு விற்றனர். உள்ளேயிருந்த சீசியம்-137 இருளில் நீலமாக ஒளிர்ந்தது. அந்த அழகைக் கண்டு வியந்தவர்கள் அதனை உறவினருக்கும் அயலாருக்கும் பகிர்ந்து கொடுத்தனர். சிறுமியொருத்தி கையில் பூசி விளையாடினாள். வாந்தியோடு வந்த ஒருவருக்கு உணவு ஒவ்வாமை என்று வைத்தியர் சொன்னார். வேறு சிலருக்கு வெப்பமண்டல நோயென்று ஐயுற்றனர். ஈற்றில் வியாபாரியின் மனைவியே நோயின் காரணத்தை ஊகித்து, எஞ்சிய பொருளை ஒரு பையிலிட்டு, பேருந்தில் ஏறிச் சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். பின்னர் ஒரு விளையாட்டரங்கில் 1,12,000க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரின் உடலிலோ உடையிலோ மாசு காணப்பட்டது. அச்சிறுமியும் வியாபாரியின் மனைவியும் உட்பட நால்வர் இறந்தனர். படித்தவர்கள் தவறவிட்ட உண்மையைக் கண்டுகொண்ட அந்த உழைக்கும் பெண் அதற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார்.

நமக்கு அண்மையிலும் இது நிகழ்ந்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறை 1970இல் கனடாவிலிருந்து வாங்கிய கோபால்ட்-60 கருவியொன்று, 1985க்குப் பின் பயன்படாமல் கிடந்து, 2010 பெப்ரவரியில் பழைய பொருளென ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரியின் இரும்புக் கடைகளில் அது உடைக்கப்பட்டது. தோல் கறுத்து நோயுற்றவர்கள் வைத்தியரை நாடியபின், ஏப்ரல் தொடக்கத்திலேதான் உண்மை வெளிப்பட்டது. தொழிலாளி ஒருவர் அம்மாத இறுதியில் இறந்தார். வேறு சிலர் நெடுநாள் சிகிச்சை பெற்றனர். இத்தகைய அவசரநிலைகளுக்கான வழிகாட்டி நெறிகளை இந்தியாவின் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் வழிகாட்டி ஏட்டில் இருந்தது. இரும்பு தெருவில் இருந்தது.

இனித் தர்மபுரத்துக்கு வருவோம். 1970களில் மலையகத்திலிருந்து பஞ்சத்தாலும் கலவரத்தாலும் துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல கிளிநொச்சி மாவட்டத்தில் காடு வெட்டிக் குடியேறின. 2008 இறுதியில் போர் நெருங்கியபோது கிளிநொச்சி வைத்தியசாலையின் பணிகள் தர்மபுரத்துக்குப் பெயர்ந்தன. சிறியதொரு கிராம வைத்தியசாலை, காயமுற்றோர் வெள்ளத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. 2009 சனவரியில் அதுவும் கைவிடப்பட்டு, வைத்தியர்களும் நோயாளரும் கிழக்கு நோக்கி நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றனர். மருந்தும் கருவியும் அருகிய நிலையில், யாரை முதலில் காப்பது என்று நொடிப்பொழுதில் தீர்மானிக்கும் கொடிய கடமையை அவ்வைத்தியர்கள் ஆற்றினர். எவரும் அவர்களை அதற்கு ஆயத்தம் செய்திருக்கவில்லை.

போர் ஓய்ந்து மக்கள் மீளக் குடியேறியபோது, தொழிலற்றோர் பலர் உடைந்த வாகனத் தகடுகளையும் வெற்றுக் கோதுகளையும் பொறுக்கி நிறுத்து விற்றுப் பிழைத்தனர். கண்ட இரும்பைத் தட்டிப் பார்த்து வெடித்து உயிரிழந்தோரும் அவர்களுள் உளர். அந்த இரும்பில் கதிரியக்கம் இருந்தது என்று அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் கொயானியாவிலும் மாயாபுரியிலும் முதலில் நோயுற்றவர்கள் இதே வர்க்கத்தினர். இதே தொழிலைச் செய்தவர்கள். புற்றுநோய் வைத்தியத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் கதிரியக்கப் பொருள்கள் நம் நாட்டிலும் பயன்படுகின்றன. பாக்குநீரிணைக்கு அப்பால் கல்பாக்கமும், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளமும் இயங்குகின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று வழி தவறினால், முதல் நோயாளி கொழும்பு நிபுணரிடம் செல்லமாட்டார். அருகிலுள்ள சிறு வைத்தியசாலைக்கே வாந்தியென்று சொல்லிக்கொண்டு வருவார்.

சட்டங்கள் இல்லாமலில்லை. இலங்கை 1957இலேயே சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தில் சேர்ந்தது. 1969இல் அணுசக்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2014இன் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் தோற்றுவித்தது. 2015 பெப்ரவரியில் இந்தியாவுடன் கைச்சாத்தான உடன்படிக்கை கதிரியக்க அனர்த்தத் தணிப்பையும் உள்ளடக்கியது. இவை கிராமத்து வைத்தியரின் மேசை வரை வந்து சேர்ந்தால்தான் பயன்.

அம்மேசைக்கு வேண்டியது பெருஞ்செல்வமன்று. மாசுபட்ட உடையைக் களைந்து பையிலிட்டாலே உடலின் மேலுள்ள மாசில் பெரும்பகுதி அகன்றுவிடும். எஞ்சியதற்குச் சோப்பும் நீரும் போதும். உயிராபத்தான காயத்தை முதலில் பார்க்க வேண்டும்; மாசைப் பின்னர் கழுவலாம். வெளிக்கதிர் மட்டும் பட்டவர் பிறருக்குக் கதிர்வீச்சைப் பரப்புவதில்லை. அவரைத் தீண்ட அஞ்ச வேண்டியதில்லை. வாந்தி தொடங்கிய நேரத்தைக் குறிக்க ஒரு கடிகாரமும், நிணநீர்க் கலங்களைத் திரும்பத் திரும்ப எண்ண ஓர் எளிய ஆய்வுகூடமும் வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் அளவுமானி, எந்நேரமும் பதில் தரும் ஒரு தொலைபேசி எண், ஆண்டுக்கொரு முறை வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் அம்புலன்ஸ் சாரதியும் சேர்ந்து செய்யும் ஒத்திகை ஆகியவை வேண்டும். காரணம் விளங்காத வாந்தியும் ஆறாத தோற்புண்ணும் கண்டால், "பழைய இரும்பு ஏதும் தொட்டீரா?" என்று கேட்கும் பழக்கம் எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டும்.

அந்த வினாவைக் கேட்கத் தெரிந்த வைத்தியரை உருவாக்குவது அரசின் கடன். அதைத் தமிழிலும் சிங்களத்திலும், கொழும்பில் மட்டுமன்றிக் கிளிநொச்சியிலும் கற்பிக்குமாறு கேட்பது நம் கடன். ஆசிரியர்களும் மாணவர்களும் மூன்று முக்கோண இதழ்களைக் கொண்ட அந்த எச்சரிக்கைக் குறியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதிலிருந்தே இதனைத் தொடங்கலாம். ஹிரோஷிமாவின் வைத்தியர்கள் பெயரறியா நோயோடு போராடியதற்கு அவர்கள் பொறுப்பல்லர். பெயரும் மருந்தும் அறிந்த காலத்தில் வாழும் நாம், அந்த அறிவு தர்மபுரம் வரை வந்து சேராவிடின், அதற்குப் பொறுப்பாவோம்.