நீலகிரிச் சோலையின் பட்சிகள்

கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்குமேல், ஓடை பிறக்கும் பள்ளந்தோறும் குள்ளமான விருட்சங்கள் நெருங்கி நின்று, பாசியும் பெரணியும் போர்த்து ஈரம் காக்கும் சோலைகளும், குன்றுகளின் முதுகெங்கும் விரிந்து தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் தந்த புல்வெளிகளும் சேர்ந்ததே பழைய நீலகிரி. 1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் அங்கே ஏறிச்சென்ற பிறகுதான், அந்தப் பிரதேசத்துப் பட்சிகள் சாஸ்திர ஏடுகளுக்குள் புகுந்தன.

சென்னை ராஜதானியின் ராணுவ வைத்தியரான ஜெர்டன், 1839 முதல் சென்னைச் சஞ்சிகை ஒன்றில் எழுதிய அட்டவணைகளில், சோலைக்கே உரிய பறவைகள் சிலவற்றை முதன்முறையாக வர்ணித்தார். தலையும் சிறகும் கறுத்து, ஏனைய அங்கமெல்லாம் செம்மஞ்சளாய் ஒளிரும் ஈப்பிடிப்பான் அவற்றுள் ஒன்று. சோலையின் இருளில், தரைக்குச் சற்று மேலே ஒரு சுள்ளியில் அசையாது அமர்ந்திருந்து, பூச்சி தென்பட்ட கணத்தில் பாய்ந்து கவ்வி மீளும் அதன் நிறத்தைக் கண்ட எவரும் எளிதில் மறக்கமாட்டார். வெண்புருவமும் செம்பழுப்பு வயிறும் கொண்டு, முட்புதர்களில் பழம் தேடும் சிரிப்பான் மற்றொன்று. ஒன்று குரலெடுத்தால் கூட்டமே சேர்ந்து சிரிக்கும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, பழனி மலையில் பாதிரியார் ஃபேர்பாங்க் சேகரித்த சிரிப்பானை இயற்கையியலாளர் பிளான்போர்டு வேறோர் இனமாகப் பிரித்து, சேகரித்தவர் பெயரையே அதற்குச் சூட்டினார். இரு மலைகளுக்கும் இடையே கிடப்பது பாலக்காட்டுக் கணவாய்; சிறகிருந்தும் அந்தத் தாழ்ந்த வெம்மையான வெளியைக் கடக்க ஒவ்வாமல், குளிர்ந்த சோலைக்கே கட்டுண்ட பட்சிகள், நெடுங்காலம் இருபுறமும் தனித்தனி வம்சமாய் வளர்ந்தன. இந்தச் சிரிப்பான்களுக்கு இமயத்து உறவினரினும் வேறான தனிப் பேரினமே உண்டென்று 2017இல் மரபணு ஆராய்ச்சி நிலைநாட்டியது.

ஆனால், பட்சிகளுக்குப் பெயரிட்ட அதே தலைமுறைதான், மரமில்லாப் புல்வெளியைப் பாழ்நிலமெனக் கருதி, 1840களில் ஆஸ்திரேலிய வேலமரத்தையும் தைலமரத்தையும் கொணர்ந்து நட்டது. முதலில் விறகு காரணம். சுதந்திரத்துக்குப் பின்னரோ, தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்குமாக, குன்று குன்றாகத் தோட்டங்கள் பரவின. இதை அபிவிருத்தியென்று ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை. அந்நிய மரநிழலில் அடர்புதர் வளர்ந்தால் ஈப்பிடிப்பான் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். புற்கற்றையின் அடியில், தரையிலேயே கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலிக்கோ அந்த மாற்றிடமும் இல்லை. முக்குறுத்தி, இரவிகுளம் முதலிய எஞ்சிய உயர்வெளிகளில்தான் இன்று அதை நம்பித் தேடிச் செல்லலாம்.