கற்பூரம் மணந்த பந்து

நூறாண்டுக்கும் மேலாக டேபிள் டென்னிஸ் மேசைகளில் துள்ளிக்கொண்டிருந்த செல்லுலாய்டு பந்து இன்று நம்மிடையே இல்லை. 2014 ஜூலையில் பன்னாட்டுப் போட்டிகளில் அதன் இடத்தில் பிளாஸ்டிக் பந்து வந்து அமர்ந்தது. உள்ளூர் மன்றங்களில் வாங்கி வைத்த டப்பாக்கள் தீரும்வரை மட்டும் இருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தது.

அது பிறந்தது வேறொரு வேலைக்காக. யானைத் தந்தத்தில் கடைந்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட், நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்து 1870 வாக்கில் செல்லுலாய்டை உருவாக்க, அதில் செய்த பொம்மைப் பந்துகளை 1900 வாக்கில் ஜேம்ஸ் கிப் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கொண்டுபோனார். அதுவரை சாப்பாட்டு மேசையில் ஆடியவர்களுக்கு, அடங்காமல் எகிறும் ரப்பர் பந்தும் எழும்பவே மறுக்கும் தக்கைப் பந்தும்தான் துணை. புதிதாக வந்தது அளவோடு எழும்பியது. ஆட்டத்துக்கு ஒரு நிதானம் பிறந்தது.

38 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை கிராம் எடை. இவ்வளவு சிறிய உடம்புக்குத்தான் மட்டைகள் எல்லாம் பணிந்து உருமாறின. பொடிப்புள்ள ரப்பர் வந்ததும், அதன் கீழே ஸ்பாஞ்ச் சேர்ந்ததும், பொடிப்பைத் திருப்பி ஒட்டி வழவழப்பான முகத்தால் பந்தைக் கவ்விச் சுழற்றக் கற்றதும், அந்தச் சுழலையே எதிராளியிடம் திருப்பிவிட நீண்ட பொடிப்பு ரப்பரைத் தேடியதும் எல்லாம் அதன் மேனியை நம்பித்தான். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் மட்டையோடு வந்து பட்டத்தை வென்றபோது, பழகிய ‘டொக்’ ஓசை கேட்காமல் எதிரே நின்றவர்கள் தடுமாறினார்கள். பந்தின் பேச்சைக் காதாலும் கேட்டே ஆடியிருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது.

நமக்கும் அது அப்படித்தான் பழக்கம். விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தம் காட்டிக்கொடுக்கும். நெளிந்துபோனால் வெந்நீரில் போட, உள்ளிருக்கும் காற்று விரிந்து, மெதுவாக முகம் நிமிரும். பழைய உருண்டை முழுதாகத் திரும்பாது. ஆனாலும் பயிற்சிக்கு ஆகும் என்று எடுத்து வைப்போம். மூன்று நட்சத்திரப் பந்தைப் போட்டிக்கென்று பொத்திவைத்தவர்கள்தானே நாம்!

2000இல் சிட்னி ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, வேகம் குறைந்து கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதை 40 மில்லிமீட்டராகப் பெருக்கினார்கள். அதையும் தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது அதன் பிறவிக் குணம்: சட்டெனத் தீப்பற்றும். கூடப்பிறந்த பழைய சினிமாப் படச்சுருளை எரித்த அதே குணம்தான். விமானத்தில் ஏற்றுவது முதல் தொழிற்சாலையில் செய்வது வரை எல்லாம் சிக்கலானது. காரணம் நியாயமானதுதான், நியாயம் என்பதற்காக மனம் ஆறிவிடுகிறதா?

பின்வந்த பிள்ளை உறுதியானது, ஆனால் சுழலை அவ்வளவாக ஏற்காது. குறைந்த சுழலை ஈடுகட்ட ஆட்டக்காரர்கள் வேகமான, கெட்டியான ஸ்பாஞ்ச் தேடினார்கள். மேசையை விட்டுப் பின்வாங்கி, வெட்டி வெட்டியே ஆளைச் சாய்க்கும் தடுப்பாட்டக்காரர்களுக்குத்தான் இழப்பு அதிகம். சென்னையின் சரத் கமல் 2006இல் மெல்பர்னில் காமன்வெல்த் தங்கம் வென்றது செல்லுலாய்டில். 2022இல் பர்மிங்காமில் மறுபடி வென்றது பிளாஸ்டிக்கில். பழகிய கையை நடுவில் அவர் எவ்வளவு மாற்றிக்கொண்டிருப்பார் என்பது நமக்குப் புரியும்.

என் மட்டை உறைக்குள் ஒரு பழைய பந்து கிடக்கிறது. ஒட்டு வரி மங்கிவிட்டது, நட்சத்திரங்கள் அழிந்துவிட்டன. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாகக் கற்பூரம் மணக்கிறது.