பிளாக்ல கால் வைக்கப் போறீங்களா? ஸ்பிரின்ட் ஓடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விதிகள்!

போடிநாயக்கனூர் பக்கம் ஸ்கூல் கிரவுண்டில் ஓடிப் பழகியவரா நீங்க? மண் தரை, சுண்ணாம்புக் கோடு, பி.டி. சாரோட விசில்... உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்டார்ட் இதுதான். குறுவட்டம், மாவட்டம்னு ஜெயிச்சு மேல போனா, ஒருநாள் சிந்தெடிக் டிராக்கில் கோட்டுக்குப் பின்னால ஓர் இரும்புச் சட்டம் உங்களுக்காகக் காத்திருக்கும். அதுதான் ஸ்டார்ட்டிங் பிளாக். போட்டி அன்னிக்குத்தான் அதை முதல்முறையா பார்க்கிறவங்களும் உண்டு.

ஏலத்தோட்ட வேலைக்கு லீவு போட்டுட்டு அம்மாவோ அப்பாவோ கூட வந்திருப்பாங்க. ஒருநாள் கூலி போயிருக்கும். அந்த பிளாக்கில் ஒரு சின்ன அசைவு தப்பாப் போச்சுன்னா, ஓர் அடிகூட ஓடாம பஸ் ஏற வேண்டியதுதான். அதனால, இதை முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

குழியில் தொடங்கிய கதை

பிளாக் வர்றதுக்கு முன்னாடி ஓட்டக்காரங்க தரையில் குழி தோண்டித்தான் கால் வெச்சாங்க. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் ஜெயிச்ச ஜெஸ்ஸி ஓவன்ஸும் சின்னக் கரண்டியால குழி தோண்டித்தான் கிளம்பினார்.

பிளாக் 1920-களின் கடைசியிலேயே வந்திடுச்சு. 1929-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் சிம்ப்சன் 100 கஜத்தை 9.4 செகண்டில் ஓடினார். ஆனா, பிளாக் பயன்படுத்தினார்னு சொல்லி அதை உலக சாதனையா ஏத்துக்கலை. 1937-ல்தான் சர்வதேச தடகளச் சங்கம் பிளாக்கை அனுமதிச்சது. ஒலிம்பிக்கில் அது அறிமுகமானது 1948 லண்டனில்.

விதி என்ன சொல்லுது?

உலக தடகள அமைப்பின் விதிப்படி, 400 மீட்டர் வரைக்குமான எல்லா ஓட்டத்துக்கும் பிளாக் கட்டாயம். ரிலேவில் முதல் ஆளுக்கு மட்டும்தான் பிளாக். 400 மீட்டருக்கு மேல நின்னுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணணும்.

பிளாக்கின் டிசைனுக்கும் கண்டிஷன் இருக்கு.

* முழுக்க விறைப்பா இருக்கணும். ஸ்பிரிங் மாதிரி தூக்கிவிடுற எதுவும் கூடாது.

* ரெண்டு கால் தட்டுகளையும் முன்னபின்ன நகர்த்தி வெச்சுக்கலாம். ஆனா, கிளம்பும்போது எதுவும் நகரக் கூடாது.

* ஆணியோ கூர்முனையோ கொண்டு டிராக்கில் பதிக்கணும். டிராக்குக்குச் சேதம் குறைவா இருக்கணும், சட்டுனு கழற்றவும் வரணும்.

* எந்தப் பகுதியும் ஸ்டார்ட் கோட்டைத் தாண்டக் கூடாது. பக்கத்து லேனுக்குள்ளும் நீளக் கூடாது. வளைவில் மட்டும் ஒரு சலுகை: யாருக்கும் இடைஞ்சல் இல்லைன்னா, சட்டத்தின் பின்பகுதி வெளிப்பக்கக் கோட்டைத் தாண்டலாம்.

இதெல்லாம் எதுக்கு? பிளாக் செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணுதான். நீங்க பின்னால உதைக்கும்போது அது அசையாம நிக்கணும். வேகம் உங்க காலிலிருந்துதான் வரணும்.

0.1 செகண்ட் கணக்கு

பெரிய போட்டிகளில் பிளாக்குக்குள்ள சென்சார் இருக்கும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.100 செகண்டுக்குள்ள நீங்க பிளாக்கை உதைச்சா, அது ஃபால்ஸ் ஸ்டார்ட். சத்தம் காதுக்கு வந்து, மூளைக்குப் போய், கால் அசையறதுக்கு அவ்வளவு நேரமாவது ஆகும்ங்கிறதுதான் கணக்கு. 2022 உலக சாம்பியன்ஷிப்பில் டெவன் ஆலன் 0.099-ல் கிளம்பினார். ஆயிரத்தில் ஒரு பங்கு செகண்டால் 110 மீட்டர் தடை ஓட்ட ஃபைனலே போச்சு!

ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஸ்பீக்கர் வைக்கிறதுக்கும் காரணம் இருக்கு. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். எட்டு லேன் சேர்ந்தா கிட்டத்தட்ட 10 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க சத்தத்துக்கு ஏறக்குறைய 0.03 செகண்ட் ஆகும். ஓரத்து லேன்காரருக்கு அது பெரிய நஷ்டம்.

உஷாவிலிருந்து ஜோதி வரை

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்ட ஃபைனல். ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருத்தர் ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்ய, எல்லோரும் மறுபடி வந்து பிளாக்கில் உட்கார வேண்டியதாச்சு. அந்த ரேஸில்தான் பி.டி.உஷா 55.42 செகண்டில் ஓடி, 0.01 செகண்டில் வெண்கலத்தைத் தவறவிட்டார்.

அப்போ ஒவ்வொருத்தருக்கும் ஒரு தப்புக்கு மன்னிப்பு உண்டு. 2003-லிருந்து மொத்த ரேஸுக்கும் சேர்த்து ஒரு மன்னிப்புதான். 2010-லிருந்து அதுவும் இல்லை. முதல் தப்பிலேயே சிவப்பு-கறுப்பு அட்டை. டெக்கத்லான், ஹெப்டத்லான் மாதிரி போட்டிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. 2011 டேகு உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் ஃபைனலில் உசைன் போல்ட்டே இப்படித்தான் வெளியே போனார்.

2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம்ம ஜோதி யாராஜிக்கு நடந்ததை மறக்காதீங்க. 100 மீட்டர் தடை ஓட்டத்தில் பக்கத்தில் இருந்த சீன வீராங்கனை முந்திக் கிளம்ப, ஜோதிக்கும் சேர்த்து அட்டை காட்டினாங்க. ஜோதி அங்கேயே எதிர்ப்பு தெரிவிச்சார். ரெண்டு பேரையும் ஓட விட்டாங்க. பிறகு சீன வீராங்கனையைத் தகுதி நீக்கம் செய்ய, ஜோதியின் வெண்கலம் வெள்ளியாச்சு. ஒருத்தர் அசைஞ்சதைப் பார்த்து இன்னொருத்தர் அசைஞ்சா, காரணமானவரை மட்டும் தண்டிக்க வேண்டும்னுதான் வழிகாட்டுதல் இருக்கு. விதி தெரிஞ்சா நீங்களும் அமைதியா, மரியாதையா கேட்கலாம்.

பிளாக்கை எப்படி செட் பண்றது?

உங்க பாதத்தாலேயே அளங்க. கோட்டிலிருந்து ரெண்டு பாதம் தள்ளி முன் தட்டு, மூணு பாதம் தள்ளி பின் தட்டு. இது ஆரம்ப அளவு. பழகப் பழக உங்களுக்கேத்த மாதிரி மாத்திக்கலாம். உதைக்க வலுவான காலை முன்னால வைங்க.

'ஆன் யுவர் மார்க்ஸ்' சொன்னதும் ரெண்டு கையும், குறைஞ்சது ஒரு முட்டியும் தரையில் இருக்கணும். ரெண்டு பாதமும் தட்டில் இருக்கணும். கை கோட்டைத் தொடக் கூடாது. 'செட்' சொன்னதும் இடுப்பைத் தூக்கி, அப்படியே அசையாம இருங்க. காரணமில்லாம எழுந்தாலோ, தாமதப்படுத்தினாலோ எச்சரிக்கை வரும். அதே போட்டியில் ரெண்டாவது முறைன்னா வெளியேதான்.

பிளாக் இல்லைன்னா என்ன பண்றது?

மேற்கே மலையை வெச்சிருக்கிற ஊர் உங்களோடது. மேட்டில் ஏறி ஓடினா உடம்பு தானா முன்னால சாயும், கால் பின்னால அழுத்தித் தள்ளும். பிளாக்கிலிருந்து கிளம்பும் முதல் சில அடிகளுக்குத் தேவையானதும் அதேதான். போடிமெட்டு ரோட்டில் மட்டும் வேண்டாம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பும் லாரியும் ஓயாது. வண்டி வராத ஒரு சின்ன மேட்டில் 20, 30 மீட்டர் ஓடினா போதும்.

அப்புறம், நண்பரை விட்டு கை தட்டச் சொல்லுங்க. 'செட்'டுக்கும் கைதட்டலுக்கும் நடுவுல ஒவ்வொரு முறையும் வேற வேற இடைவெளி விடணும். எண்ணிக்கை போட்டுக் கிளம்புற பழக்கம்தான் ஃபால்ஸ் ஸ்டார்ட்டில் மாட்டிவிடும். சத்தம் கேட்ட பிறகு கிளம்புற பழக்கம் வரட்டும்.

போட்டி அன்னிக்கு சீக்கிரமே போயிடுங்க. எந்த ஃபால்ஸ் ஸ்டார்ட் விதி, சொந்த பிளாக் கொண்டுவரலாமான்னு நடுவரிடம் முதல்லயே கேளுங்க. ரேஸுக்கு முன்னாடி பிளாக்கை ரெண்டு தடவை உதைச்சுப் பாருங்க. ஆடினா கூச்சப்படாம கையைத் தூக்குங்க. சரியா பதிச்ச பிளாக் கேட்கிறது உங்க உரிமை.